கோவக்காரி என்ற கணக்கின் மதிப்பு

காலை பத்தரை மணிக்குள் நான் மூன்று பேராக இருந்து முடித்துவிட்டேன். முதலில் பெருந்துறையில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வாலிபன். அடுத்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூன்றாவது ஆள் என்ன தொழில் செய்கிறார் என்று எனக்கே பிடிபடவில்லை. ஆனால் அவருடைய நண்பர்கள் பதினாறு பேரும் என்னை அவர்தான் என்று நம்பி, "எங்கடா போன மாப்ள ரெண்டு நாளா?" என்று சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று கேம் கணக்குக்கும் முதல் தரம் என்று முத்திரை குத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

இதற்கு உரசல் சோதனை என்று பெயர். நகையைக் கல்லில் உரசிப் பார்ப்பதில்லையா, அதுபோல. நான் அரசு உரிமம் பெற்ற எண்ணுடைமை, அதாவது டிஜிட்டல் சொத்து, மதிப்பீட்டாளர். ஈரோடு குடும்பநல நீதிமன்ற வளாகம், இரண்டாவது மாடி, கழிவறைக்குப் பக்கத்து அறை. பெயர் நிவேதிதா. வயது ஐம்பத்துநான்கு. பெயரைக் கேட்டவுடனேயே கிழவி என்று தெரிந்துகொள்ளும் காலம் வந்துவிட்டது, என்ன செய்வது.

கேம் அக்கவுண்டை விற்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். ஐந்நூறாவது லெவல் மேடம், இந்தத் தங்கக் கவசம் உலகத்திலேயே ஏழு பேரிடம்தான் இருக்கிறது மேடம். தங்கக் கவசத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு. அடுத்த தீபாவளிக்குக் கம்பெனிக்காரன் அதையே எல்லாருக்கும் இலவசமாகக் கொடுப்பான். கவசத்துக்கு விலை போட்ட காலம் எங்கள் அம்மா காலத்தோடு போயிற்று. இப்போது விலை எதற்கென்றால், நீ போய் நின்றால் எத்தனை பேர் உன்னை நம்புகிறார்கள் என்பதற்கு.

வாங்குகிறவனுக்குக் கணக்கு மட்டும் போவதில்லை. குரல் உறை போகும். அதைப் போட்டுக்கொண்டால் யார் பேசினாலும் பழைய ஆளின் குரல்தான் வரும். சாயல் போகும், அது பழைய ஆள் இத்தனை வருடம் ஆடியதையும் பேசியதையும் சிரித்ததையும் பார்த்துப் பழகிய நிரல். வாங்கியவன் என்ன உளறினாலும் சாயல் அதைத் திருத்தி அந்த ஆள் மாதிரியே சொல்லிவிடும். நண்பர்களுக்கு எதுவும் தெரியாது. தெரிவிக்கவும் கூடாது. விற்றவர் அந்தக் களத்துக்குள் ஏழு வருடம் கால் வைக்கக் கூடாது, அங்கே இருந்த எவரையும் வேறு வழியாகவும் தொடர்புகொள்ளக் கூடாது. மீறினால் சிறை. சட்டத்துக்குப் பெயர் பெறுநர் பாதுகாப்புச் சட்டம். பெறுநர் என்றால் வாங்குபவர். நண்பர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. என் படிவத்தில் அவர்களுக்குப் பெயர் இணைப்புகள்.

போன வருடம் பவானிக்காரர் ஒருவரின் கணக்கை மதிப்பிட்டேன். ஏலத்தில் எடுத்தது ஒரு சீட்டுக் கம்பெனி. ஆறு மாதம் அவர் குரலில் கேலியும் கிண்டலுமாகப் பழகிவிட்டு, ஏழாவது மாதம் மெதுவாகச் சீட்டைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். நாற்பத்தோரு பேர் சேர்ந்தார்கள், நாற்பத்தோரு பேரும் நாசமாய்ப் போனார்கள். இன்றைக்கும் அவர்கள் அந்த மனுஷனைத்தான் சபித்துக்கொண்டிருக்கிறார்கள். முத்திரை என்னுடையது. இது தெரிந்தும் மறுநாள் வேலைக்கு வந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பதினொரு மணிக்குத் தன்ஷிகா வந்தாள். முப்பத்தாறு வயது, அரசு ரத்த வங்கியில் டெக்னீஷியன். கையில் நீதிமன்றக் கடிதம். விவாகரத்து வழக்கு. வீடும் ஸ்கூட்டரும் பிரித்தாயிற்று, மிச்சம் இருப்பது அவளுடைய கேம் அக்கவுண்ட் ஒன்றுதான். புருஷன் பெயர் கவினேஷ். அவன் மனுவில் எழுதியிருந்ததை வாசித்தபோது எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. 'என் மனைவி ஒன்பது ஆண்டுகளாக என்னோடு பேசியதைவிட அந்த விளையாட்டில் ஒரு பெண்ணோடு பேசியதே அதிகம். அது குடும்பத்துக்குச் சேரவேண்டிய நேரம். ஆகவே அந்தக் கணக்கில் பாதி எனக்கு உரியது.' நீதிபதியும் ஆமாம் என்று சொல்லிவிட்டார். பாதி மதிப்பை அவனுக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கை அவளே வைத்துக்கொள்ளலாம். கொடுக்க முடியாவிட்டால் வியாழக்கிழமை ஏலம். அன்று திங்கட்கிழமை.

"இதுல என்னங்க மேடம் இருக்குது? ஒரு ஓட்டைப் படகுங்க. அவ்வளவுதான்" என்றாள் தன்ஷிகா.

"எவ்வளவு புரட்ட முடியும் உன்னால?"

"ரெண்டு லட்சம். அதுக்கு மேல ஒத்த ரூவா இல்லீங்க."

அப்படியென்றால் கணக்கின் மதிப்பு நான்கு லட்சத்தைத் தாண்டக் கூடாது. திறந்து பார்த்தேன். விளையாட்டின் பெயர் கலம். பெரிய கடல், ஏராளமான தீவுகள், படகுக்கு இரண்டே பேர். ஒருவர் சுக்கான், ஒருவர் பாய். இவள் அங்கே வைத்துக்கொண்ட பெயர் கோவக்காரி. ஆளைப் பார்த்தால் எறும்பை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்பவள் மாதிரி இருந்தாள். ஒன்பது வருடமாக ஒரே படகு, கூட ஒரே ஆள். அந்த ஆளின் பெயர் கெண்டை. கெண்டையின் கணக்கு ஒருமுறைகூடக் கைமாறியதில்லை என்று என் திரை காட்டியது. உள்ளே இருப்பது ஆரம்பத்தில் இருந்த அதே மனுஷிதான். இந்தக் காலத்தில் அது அபூர்வம்.

"ஒரே ஒரு ஆளா? அப்ப பயப்படாத கண்ணு. ரெண்டு மூணு லட்சம்தான் வரும்" என்றேன் நிம்மதியாக.

நிறைமானி என்று நாங்கள் சொல்லும் கணிப்பான் பதினோரு லட்சம் என்று காட்டியது.

ஏன் என்று பார்த்தேன். கெண்டை தனியாக இருப்பவள். அறுபது வயதுக்கு மேல். ஒன்பது வருடப் பேச்சில் ஆயிரக்கணக்கான தடவை இருமியிருக்கிறாள். கோவக்காரி எந்தத் தைலத்தைச் சொன்னாலும் வாங்கியிருக்கிறாள், எந்த டாக்டரைப் பார்க்கச் சொன்னாலும் பார்த்திருக்கிறாள். நுரையீரல் மருந்து விற்கும் ஒரு நிறுவனம் ஏலத்துக்கு இப்போதே முன்பணம் கட்டியிருந்தது. பிணம் விழுவதற்கு முன்பே கழுகு வந்து உட்கார்ந்துவிட்டது.

"அவங்களுக்கு எதுவும் தெரியாதுங்க" என்றாள் தன்ஷிகா. "நாஞ் சொன்னா எதையும் கேப்பாங்க. வேற எவனோ என்ற கொரல்ல அவங்ககிட்டப் பேசுவானுங்களா? நேர்ல போய்ச் சொல்லிப் போடலாம்னாலும் அவங்க பேருகூட எனக்குத் தெரியாதுங்களே."

அது உண்மைதான். களத்துக்குள் யாரும் ஊர்ப் பேர் பேசுவதில்லை. எதிரே இருப்பவன் நேற்று வரைக்கும் அவன்தான், இன்றைக்கும் அவன்தானா என்று யார் கண்டது? எந்தப் புத்தியுள்ள ஆளும் முகவரி கொடுப்பதில்லை. கணக்கு மதிப்பீட்டுக்கு வந்தவுடன் வாய்ப்பூட்டு வேறு விழுந்துவிடும். விற்பனை, ஏலம், நீதிமன்றம் என்று எதைச் சொன்னாலும் எதிராளிக்குக் கேட்காது.

நான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். வீட்டுக்கு மதிப்புப் போட ஆள் வருவதற்கு முன்னால் நாலு ஓட்டைக் கழற்றிவை என்று சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் உண்டல்லவா, அந்த வேலை. கதவைச் சாத்திவிட்டு, "அந்தம்மாகூடச் சண்டை போடு" என்றேன்.

"என்னங்க?"

"வாய்க்கு வந்தபடி ஏசு. மனசு விட்டுப் போகட்டும். நம்பிக்கை இறங்கினா நிறைமானியும் இறங்கும். தீர்ப்பு முடிஞ்சு கணக்கு உன் கைக்கு வந்ததும் போய் கால்ல விழுந்துக்கலாம்."

இது புது வித்தையில்லை. ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பலித்தது. ஒரு கடுஞ்சொல்லைத் தாங்கிய நட்பு ஒன்றைக்கூட நான் என் தொழிலில் பார்த்ததில்லை. ஐந்து நிமிடத்தில் கணக்கை முடக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

"அப்படியெல்லாம் பேச வராதுங்க எனக்கு" என்றாள்.

"நான் எழுதித் தர்றேன். நீ வாசி."

எழுதினேன். கோபம் எனக்குக் கைவந்த கலை. கவினேஷ் மேல் இருந்த கோபம், நீதிபதி மேல் இருந்தது, பவானிக்காரர் விஷயத்தில் என் மேலேயே இருந்தது, எல்லாவற்றையும் ஒரு தாளில் கொட்டினேன். எங்கே அடித்தால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும், அதைக் கண்டுபிடிப்பதுதானே என் வேலை. தன்ஷிகா ஆட்டக் கூண்டுக்குள் உட்கார்ந்தாள். நான் இன்னொரு ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டேன்.

"வந்துட்டியாட்டி? கெழக்கத் தீவுல மொளகு மலிவாம்லா" என்றது கெண்டையின் குரல். தென்கடற்கரைப் பேச்சு. நடுவில் இருமல்.

"மொளகும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று தன்ஷிகா ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது, நடுங்கியதே கோபம் மாதிரி இருந்தது. "ஒம்பது வருஷமா உன்ற இருமலக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலிச்சுப் போச்சு. ஒரு வேல ஒழுங்காத் தெரியுமா உனக்கு? உன்னக் கட்டி இழுத்துட்டு வர்றதுக்கு நான் தனியாவே போயிருப்பேன்."

நான் தாளில் கடைசி வரியை விரலால் தட்டிக் காட்டினேன். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். நான் விடவில்லை.

"உனக்கு யாருமில்ல. அதனாலதான் என்னயப் புடிச்சுத் தொங்கற" என்றாள் தன்ஷிகா, கண்ணை மூடிக்கொண்டு.

கடல் மட்டும் இரைந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. இதோ போய்விடுவாள்.

"ஏட்டி" என்றாள் கெண்டை. "யாரு ஒன்ன என்ன செஞ்சா?"

"யாரும் ஒண்ணும் செய்யல. உன்னப் புடிக்கல, அவ்வளவுதான்."

"சரி, புடிக்கலன்னா இருக்கட்டும். ஏசணும்னா ஏசு, நான் கேட்டுட்டுதான இருக்கேன். ஆனா பாயச் சாய்ச்சுப் புடிச்சிட்டு ஏசு. காத்து வடக்க திரும்புது பாரு. கவுந்தா ரெண்டு பேரும்லா முங்கணும்."

தன்ஷிகா பாயைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். கெண்டை அழாதே என்று சொல்லவில்லை. சுக்கானைத் திருப்பிக்கொண்டே ஏதோ மிளகு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் நிறைமானியைப் பார்த்தேன். இருபத்தேழு லட்சம்.

முதலில் இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். படிவத்தை விரித்துப் பார்த்தால் கீழே ஒரு புதுக் கட்டம் நிரம்பியிருந்தது. முறிவு தாங்கும் திறன்: உறுதிப்பட்டது. இத்தனை வருடத் தொழிலில் அப்படியொரு கட்டம் இருப்பதே எனக்குத் தெரியாது. அது நிரம்பி நான் பார்த்ததேயில்லை. ஏசினாலும் போகாத ஆளுக்குத் தனி விலையாம். அதை யோசித்து எழுதிவைத்தவன் ஒருவன் எங்கேயோ சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று இங்கே எழுத முடியாது. அதைவிடப் பெரிய ஆத்திரம் என் மேல். இரண்டரை மடங்காக ஏற்றிவிட்டது நான்தான். பதினோரு லட்சமாகவே விட்டிருந்தால் எங்கேயாவது கடன் கேட்டுப் பார்த்திருப்பாள்.

நிறைமானியின் எண்ணை என் கையால் குறைக்க முடியாது. கையெழுத்துப் போட மறுத்தால் கோப்பு கோயம்புத்தூருக்குப் போகும், அங்கே வேறொருவர் போடுவார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி. உரசல் சோதனை. அதில் கெண்டைக்குச் சந்தேகம் வந்துவிட்டால் கணக்கு கைமாற்றத் தகுதியில்லாதது ஆகிவிடும். அப்படிப்பட்ட கணக்கை ஒரு லட்சத்துக்குக்கூட ஆள் சீண்டமாட்டான்.

"நாளைக்கு நான் உள்ள போய்க் கோட்டை விட்டுடறேன். சாயல் என்னதான் திருத்தினாலும் அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுரும்" என்று தன்ஷிகாவிடம் சொன்னேன்.

"தெரிஞ்சுருங்க" என்றாள் அவள். முதல் தடவையாக லேசாகச் சிரித்தாள். "நான் தும்முனாலே என்ன சமாச்சாரம்னு கண்டுபுடிச்சுருவாங்க. நீங்க நடிக்கவே வேண்டாமுங்க."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் கோவக்காரி ஆனேன். விதிப்படி உரியவர் வெளியே இருக்க வேண்டும். தன்ஷிகா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். கெண்டையை அம்மா என்று கூப்பிட்டேன். வெளியே கெண்டை என்றுதான் போயிற்று. பாயைத் தப்பாக இழுத்தேன். சாயல் என் கையைத் திருப்பிச் சரியாக இழுத்தது. நான் அவள் இல்லை, நான் நிவேதிதா என்று கத்தினேன். தன்ஷிகாவின் குரலில், "எனக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்ல கெண்டை" என்று சாந்தமாக வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பேசாமல் இருந்தேன். அதற்கும் அந்த நிரல், அவள் வருத்தமாக இருக்கும்போது விடும் பெருமூச்சு ஒன்றை விட்டுவைத்தது. என் ஆயுளில் எதையும் அவ்வளவு வெறுத்ததில்லை.

"ஒடம்பா, மனசா?" என்றாள் கெண்டை. பிறகு கொஞ்சம் இருமிவிட்டுச் சொன்னாள். "நேத்து நீ சொன்னதையேதான் நெனச்சிட்டிருந்தேன். எனக்கு யாருமில்லன்னு சொன்னல்லா, அது சரிதான். கோவமில்ல எனக்கு. ஆனா நீ ஒம்பது வருஷத்துல ஒருநாளும் அப்படிப் பேசுனவ இல்ல. அந்த வீட்டுல ஒனக்கு என்னமோ ஆகிப்போச்சு. அதனால சொல்லுதேன், கேட்டுக்கோ. எம் பேரு ஜெனிட்டா. பெரியதாழை ஊரு. கோயிலுக்குத் தெக்க மூணாவது தெரு, நீலக் கதவு வீடு. உள்ரூம்பு சும்மாதான் கெடக்கு. பெட்டியத் தூக்கிட்டு வந்துரு. யாரையும் கேக்க வேண்டாம்."

சொல்லாதே, சொல்லாதே என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "சரி கெண்டை" என்று போயிற்று. ஒன்பது வருடம் பொத்திவைத்த முகவரியை அந்த அம்மாள் எனக்குச் சொல்லிவிட்டாள். பதினைந்து நிமிடம் முடிந்தது. ஐயம்: இல்லை. தரம்: ஒன்று. நேரடி முகவரி: பெறப்பட்டது. முப்பத்துநான்கு லட்சம். பதிவு முழுவதும் ஏலத்தில் எடுப்பவருக்குப் போய்ச் சேரும், நீலக் கதவு உள்பட.

வெளியே வந்தேன். தன்ஷிகா எழுந்து நின்றாள்.

"கண்டுபுடிச்சுட்டாங்களா?"

நான் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து, குனிந்து, மெல்லிய குரலில் பெயரையும் ஊரையும் தெருவையும் சொன்னேன். "எழுதிவைக்காத. மனசுல வச்சுக்கோ. இன்னிக்கே கிளம்பு. ஏலத்துக்கு முன்னால போய் அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடு. சட்டம் கிடக்குது கழுத."

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்டயா சொன்னாங்க?"

"உன்கிட்டன்னு நினைச்சுதான் சொன்னாங்க."

"ஒம்பது வருஷமா எங்கிட்டச் சொன்னதில்லீங்க." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "பதினஞ்சு நிமிஷத்துல ஒரு தடவகூட அவங்களுக்குச் சந்தேகம் வரலீங்களா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை தயங்கினாள், நீ யாரு என்று கேட்கப் போனாள், இப்படி எதையாவது. சிறு பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். ஆனால் முப்பது வருடமாகக் கேட்டவுடன் மதிப்பைச் சொல்லிப் பழகிய வாய் இது.

"இல்ல கண்ணு" என்றேன். "ஒரு தடவகூட வரல."

தன்ஷிகா கையை நீட்டினாள். என்ன என்று பார்த்தால், கோப்பைக் கேட்கிறாள். ஏல ஒப்புதலில் கையெழுத்துப் போட்டாள். வேகமாக, பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி.

"அந்தக் கருமாந்தரம் புடிச்ச மெஷினு பேசுனாலும் நான் பேசுனாலும் அவங்களுக்கு ஒண்ணுதாங்களே. அப்புறம் நான் எதுக்குங்க அங்க போகோணும்? வித்துருங்க."

"ஏம்மா, அது அந்தம்மா தப்பில்ல. நானே கத்திப் பார்த்தேன். கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

"கடவுளு கண்டுபுடிக்கோணும்னு நான் கேக்கலீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். கவினேஷ் கீழே வக்கீலோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்த் திசையில் நடந்தாள், எங்கே போகிறோம் என்று தெரியாதவள் மாதிரி.

நான் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். முப்பத்துநான்கு லட்சம் என்று திரை மின்னிக்கொண்டிருந்தது. அந்த எண் எதற்கு என்று யோசித்தேன். நான் உள்ளே போவதற்கு முன்பு இருவரும் ஒருத்தியை ஒருத்தி முழுசாக நம்பியிருந்தார்கள். நான் உரசிப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அதில் பாதி செத்துவிட்டது. அங்கே அந்த அம்மாள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள், உள்ரூமைப் பெருக்கிக்கூட வைத்திருப்பாள். வெள்ளிக்கிழமை எவனோ ஒருவன் கோவக்காரியின் குரலில் அவளுக்கு மருந்து விற்க ஆரம்பிப்பான். இந்தச் சனியனுக்கெல்லாம் முத்திரை குத்தி நான் அரிசி வாங்கியிருக்கிறேன்.

முத்திரையை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிச் சாவியைக் கழிவறையில் எறிந்தேன். கதவில் இன்று விடுமுறை என்று எழுதி ஒட்டினேன். மதியம் பன்னிரண்டரைக்குத் தெற்கே போகும் ரயிலில் உட்கார்ந்துதான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கரூர் தாண்டிவிட்டது. உரிமம் போகும், சிறைக்கும் அனுப்பலாம். அனுப்பட்டும்.

நீலக் கதவைத் தட்டினால் திறக்கிறவளுக்கு என் குரல் தெரியாது. அன்பாகப் பேச வேண்டும் என்ற எண்ணமெல்லாம் எனக்குக் கிடையாது. நாசமாய்ப் போனவளே, ஒன்பது வருடம் கூட இருந்தவளுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்றா உனக்கு என்று முதலில் நன்றாக ஏசப் போகிறேன். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லப் போகிறேன். பிறகு அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, ஈரோட்டில் தன்ஷிகாவின் வீட்டு வாசலில் நிறுத்திவிடுவேன். அவள் கதவைத் திறப்பாளா என்று எனக்குத் தெரியாது. திறக்கிற வரைக்கும் நானும் அங்கேயேதான் நிற்பேன்.